எஞ்சின் பெட்டி மேல் வைத்த பாட்டில்கள்

எங்கள் தெருவில் எனக்கு ஈ வளர்க்கிறவள் என்றுதான் பெயர். வலியசாலை என்றால் மலையாளத்து ஊருக்கு நடுவே எங்கள் தமிழ் அக்ரஹாரம், வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட தெருவில், எம்.எஸ்ஸி. முடித்த பெண் கல்யாணத்துக்கு நிற்காமல் தினமும் காலையில் டிபன் டப்பாவும் கையுமாகக் கிளம்பிப் போய் ஈ வளர்க்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா? "படிச்சுப் படிச்சுக் கடைசில ஈ ஓட்டறாளாக்கும்" என்பாள் எதிர்வீட்டு மாமி. அப்பாகூடச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டவில்லை மாமி, வளர்க்கிறேன், ஓட்டிவிட்டால் ஆராய்ச்சியே போயிற்று என்று நான் விளக்கப் போவேன். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கல்லூரி. அதன் விலங்கியல் துறையில் பின்பக்கமாக ஒரு நீள அறை. வாழைப்பழத்தை வாங்கி வைத்து மறந்துபோனால் மேலே சுற்றுமே, கடுகளவு, சிவப்புக் கண் வைத்த பழ ஈ, அதுதான் எங்கள் பிழைப்பு. பால் பாட்டில்களில் வளர்ப்போம். ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட் எல்லாம் போட்டுக் காய்ச்சி ஊற்றுவோம். கொதிக்கும்போது பாயசம் மாதிரி மணக்கும், ஆறினால் அல்வா மாதிரி உறையும், நாலு நாள் போனால் கள்ளுக்கடை மாதிரி நாறும். அந்த நாற்றம் புடவையில் ஏறிவிடும். சாயங்காலம் நான் திரும்பினால் அம்மா வாசல் வழியாக உள்ளே விடமாட்டாள். கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்ட பிறகுதான் அடுக்களைப் பக்கம் தலைகாட்டலாம். நானும் முணுமுணுத்துக்கொண்டே குளிப்பேன். இந்த வீட்டு மடி ஆசாரமெல்லாம் எனக்கு வேடிக்கை, நான் அதையெல்லாம் தாண்டி வந்தவள் என்று அப்போது எனக்கு உறுதியான எண்ணம். ஈப்புழுவின் தலையை ஊசியால் பிடித்து இழுத்து எடுக்கிறவளுக்கு ஆசாரம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தோழிகளிடம் பெருமையடிப்பேன்.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் ஆராய்ச்சி மாணவிகள். இன்னொருத்தி குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா ஊர் ஊராக மீன் கொண்டுபோய் விற்கிறவள். இதை முதல் நாளே, பேர் ஊர் சொல்லுகிற மாதிரி, பட்டென்று சொல்லிவிட்டாள். நானும் அதனால் என்ன என்கிற முகத்தோடு "அப்படியா" என்றேன். அப்படிக் கேட்டுக்கொண்டதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன், வெட்கக்கேடு. அவளுக்கும் எனக்கும் தமிழ் என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம். எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான ஸாரோடு மலையாளம், எழுதுவதெல்லாம் இங்கிலீஷ், எங்களுக்குள் தமிழ். அவள் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன், என் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள்.

மத்தியானச் சாப்பாடு மட்டும் தனித்தனி. அவள் ஹாஸ்டலிலிருந்து பொட்டலம் கொண்டுவருவாள். நான் எதையாவது சாக்குச் சொல்லி ஜன்னல் பக்கம் போய்விடுவேன். இன்றைக்கு விரதம், இன்றைக்கு வயிறு சரியில்லை, இன்றைக்கு இந்த வெளிச்சத்தில் ஸ்லைடு பார்த்துவிட வேண்டும் என்று தினம் ஒன்று. அவள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

நாங்கள் தேடியது என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கிற குரோமோசோம்கள் ராட்சசத்தனமாகப் பெரியவை. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஜமுக்காளத்துக் கோடுகள் மாதிரி வரிவரியாகத் தெரியும். எந்த இடத்தில் ஜீன் விழித்துக்கொண்டு வேலை செய்கிறதோ அந்த இடத்தில் வரி கலைந்து, அப்பளம் பொரியும்போது கொப்புளம் எழுகிற மாதிரி உப்பி நிற்கும். எங்கள் பாஷையில் பஃப். எந்த நிலைமையில் எந்த இடம் உப்புகிறது என்று பார்த்தால், எந்த ஜீன் எப்போது கண் விழிக்கிறது என்று சொல்லிவிடலாம். பொன்முடி மலைக் குளிரில் வாழ்கிற ஈக்கும், எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் அழுகின பழத்தில் வாழ்கிற ஈக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் உண்டா என்பதுதான் ஸார் எங்களுக்குக் கொடுத்த கேள்வி.

மாசத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு பேரும் பொன்முடிக்குப் போவோம். எஸ்டேட் குமாஸ்தா ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில், நசுக்கின பழம் போட்ட பாட்டில்களைத் திறந்து வைத்துவிட்டு வருவோம். காட்டு ஈ வந்து முட்டையிடும். புழு நன்றாகக் கொழுத்துப் பாட்டில் சுவரில் ஏறத் தொடங்குகிற சமயம் பார்த்து மறுபடி போய் எடுத்துவருவோம். ஆளுக்கு நாலைந்து பாட்டில். பஞ்சு அடைத்து, அவரவர் பையில் வைத்துக்கொள்வோம். வந்த அன்றைக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அறைக்குப் போய்ப் புழுவை அறுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது ஸார் உத்தரவு. மலை நிலைமை மாறுவதற்குள் பார்க்க வேண்டுமாம்.

மலையிலிருந்து இறங்குகிற பஸ்கள் குறைவு. மத்தியானத்து பஸ்ஸைப் பிடிப்போம். முன்பக்கம் பெண்கள் இடம், டிரைவருக்குப் பக்கத்தில் திண்டு மாதிரி எழும்பி நிற்கும் எஞ்சின் பெட்டி. மலை இறங்கி அடிவாரத்து விதுரைக்கு வரும்போது மீன் விற்று முடித்த பெண்கள் ஏறுவார்கள். விடிகாலையில் கடற்கரையிலிருந்து கிளம்பி வந்தவர்கள். காலி அலுமினியச் சருவங்களை எங்கள் காலடியில் அடுக்குவார்கள். காலி என்றுதான் பேர். அடியில் தேங்கியிருந்த ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் வளைவுக்கு வளைவு சிந்தி, பலகைத் தரையில் கோடு கோடாக ஓடி வரும்.

முதல் தடவை அந்தத் தண்ணீர் என் பையை நோக்கி வந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. யோசிக்கக்கூட இல்லை. பாட்டில் பையை வெடுக்கென்று தூக்கி, நாலாக மடித்த துண்டை விரித்து, எஞ்சின் பெட்டி மேல் வைத்துவிட்டேன். அதற்குள் சாப்பாடா இருந்தது, சுவாமி நைவேத்தியமா இருந்தது? அழுகின பழமும் புழுவும். அது மீன் தண்ணீர் பட்டு எப்படிக் கெட்டுப்போகும் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கை தன்பாட்டில் செய்துவிட்டது, அவ்வளவுதான். கிணற்றடியில் முணுமுணுத்துக்கொண்டே குளித்தவளுடைய கை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னையே பார்த்தாள். "கீழ வெச்சா ரொம்பக் குலுங்கறது" என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் பை அவள் காலடியிலேயே இருந்தது. சருவம் வைத்திருந்த ஒரு பெண் அந்தப் பை சாயாமல் தன் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் பெட்டி என் பாட்டில்களுக்கு வழக்கமான இடமாகிவிட்டது.

அந்த முதல் தடவை, திரும்பி வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அறுத்தோம். சுரப்பியை எடுத்துச் சாயத்தில் போட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிசுத் தகடு மூடி, ஒற்றுத்தாளுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கனம் ஜாஸ்தியானால் கூழாகிவிடும், குறைந்தால் விரியாது. என் முதல் ஸ்லைடிலேயே ஒரு பஃப். பெரிசு. ஊர் ஈயில் நான் பார்த்தே இராத இடத்தில். அடுத்ததிலும் அதே. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஸாரைக் கூப்பிட ஓடினேன். அவர் பார்த்தார், கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எதிரே அவளுடைய ஸ்லைடில் ஒன்றுமில்லை. வரிகள் மட்டும் சமர்த்தாக இருந்தன.

அடுத்தடுத்துப் போய்வந்த போதும் அதே கதைதான். என் புழுவில் பஃப் உண்டு, அவள் புழுவில் இல்லை. ஒரே மலை, ஒரே மரம், ஒரே பஸ். ராத்திரி அறையில் விட்டுவைத்து மறுநாள் அறுத்தால் என்னுடையதிலும் இல்லை. ஸார் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். மலைக் குளிரில் விழித்திருக்கிற ஜீன், ஊர்ச் சூட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுகிறது என்றார். எவ்வளவு பொருத்தமான விளக்கம்! எங்கள் ஊர் இனத்து ஈக்கு முறையான குரோமோசோம் படம் அப்போது கிடையாது. அதனால் இந்த இடம் எது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. மலை ஈக்கென்று தனியாக ஒரு ஜீன் விழித்திருக்கிறது என்று ஒரு கட்டுரைக்கே தலைப்புப் போட்டுவிட்டோம்.

அவளுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவள் கை சரியில்லை. அப்படித்தான் ஸார் தீர்மானித்தார். எனக்கோ வீட்டில் தட்டையும் அப்பளமும் இட்டுப் பழகின விரலாம், அக்ரஹாரத்துக் குட்டிகளின் கையே தனி என்று அறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் பூரித்துப்போவேன். இதில் எனக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? மீன் அரிந்து பழகின கைக்கு இந்த நாசூக்கு எங்கேயிருந்து வரும் என்று நானும்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லாததற்குப் பதிலாக ஒரு நாள் அவளுக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தேன். அவள் கட்டைவிரலைப் பிடித்து, இப்படி, இவ்வளவு கனம் போதும், இப்போது எடு என்று. அவள் குழந்தை மாதிரி விரலைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது நினைத்தாலும் முகம் எரிகிறது.

வருஷ முடிவு வந்தது. ஃபெலோஷிப்பை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய ஒரு குழு உட்காரும். அதன் முன்னால் இரண்டு பேரும் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எனக்கு அது நின்றால் என்ன ஆகும்? தெருவில் இரண்டு நாள் கேலி, பிறகு ஒரு ஜாதகம் வரும். அவளுக்கு அது நின்றால் ஹாஸ்டல் அறை அன்றைக்கே போய்விடும். ஊருக்குத் திரும்பினால் மறுபடி படியேற முடியாது. அவர்கள் கடற்கரையில் இவ்வளவு தூரம் படித்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகளின் படிப்பும் அவள் என்ன ஆகிறாள் என்பதைப் பார்த்துத்தான் நடக்கும் என்று அவளே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஸார் கூட்டத்துக்கு முன்னாலேயே அவளைக் கூப்பிட்டு, பி.எட். சேர்ந்தால் டீச்சர் வேலையாவது நிச்சயம் என்று புத்தி சொல்லிவிட்டார். அதாவது முடிந்தது. வெளியே வந்தவள் நேராக வந்து பாட்டில் கழுவ ஆரம்பித்தாள். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லாதது என் அதிர்ஷ்டம்.

கூட்டத்தில் ஸாரைத் தவிர மூன்று பேர். அதில் ஒருவர் ரசாயனத் துறையிலிருந்து வந்த அம்மாள். ஈயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் படங்களைக் காட்டிப் பேசி முடித்தேன். நல்ல இங்கிலீஷ், நல்ல படங்கள். பிறகு அவள் எழுந்து, மலைப் புழுவிலும் ஊர்ப் புழுவிலும் தான் வித்தியாசம் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தாள். ஸ்லைடு தயாரிப்பில் அவளுக்கு இன்னும் பயிற்சி போதாது என்று ஸார் எடுத்துச் சொன்னார்.

ரசாயனத்து அம்மாளுக்கு அது திருப்தியாக இல்லை. ஒரே மரத்தடிப் புழு, இரண்டு பேருக்கு இரண்டு முடிவு என்றால் நடுவில் எங்கேயோ எதுவோ மாறியிருக்கிறது, மரத்தடியிலிருந்து மேஜை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லு என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பாட்டில், பஞ்சு, பை, பஸ். பஸ்ஸில் இரண்டு பேர் பையும் ஒரே இடத்தில்தான் இருந்ததா என்றார். என்னுடையது எஞ்சின் பெட்டி மேல், அவளுடையது கீழே என்றேன். சொல்லும்போதே ஸார் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். ஏன் அங்கே வைத்தாய் என்றார் அம்மாள். குலுங்காமல் இருக்கட்டும் என்று, என்றேன். பஸ்ஸிலேயே அதிகமாக ஆடுவது அதுதானே என்று அவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்து நின்றது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாயம் ஏறிச் செம்பருத்தி நிறமாகிப்போன தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனசு வந்து சொல்லிவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். மாட்டிக்கொண்டேன், வேறு போக்கிடம் இல்லை. கீழே மீன் தண்ணீர் ஓடியது, அதனால் தூக்கி மேலே வைத்தேன் என்று மலையாளத்தில் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஸார் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புழுவைக் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்தால் குரோமோசோமில் சில இடங்கள் உப்பிக்கொள்ளும் என்று வெளிநாட்டில் எப்போதோ கண்டு எழுதியிருந்தார்கள். கப்பலில் தாமதமாக வருகிற பத்திரிகைகளில் அவரும் படித்திருந்தார், நாங்களும் படித்திருந்தோம். குளிர் என்கிற ஒரே நினைப்பில் இருந்த எங்களுக்குச் சூடு என்கிற யோசனையே வரவில்லை. மலைக் குளிரின் ஜீன் என்று நாங்கள் தலைப்புப் போட்டது, கொதிக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்த புழுவின் ஜீன்.

இப்போதே பார்த்துவிடலாமே என்றார் ரசாயனத்து அம்மாள். சாலைக் கடைத்தெரு ஈயின் புழு, மலையையே பார்க்காதது, அறையில் இருந்தது. அதைச் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்து அறுக்க வேண்டும். ஸார் என் பக்கம் திரும்பாமல் அவளைச் செய்யச் சொன்னார். அவள் எழுந்து போய், எத்தனை டிகிரி என்று யாரையும் கேட்காமல் பெட்டியின் திருகைத் திருப்பினாள். அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அறுத்து, சாயமேற்றி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். கடைசியாக நானும் குனிந்தேன். என்னுடைய அதே பஃப். நான் போட்ட எந்த ஸ்லைடையும்விட அழகாக விரிந்திருந்தது.

அவளுக்கு ஃபெலோஷிப் நீட்டிப்பு கிடைத்தது. எனக்கும் கிடைத்தது, அதுதான் கொடுமை. தவறு நேர்வதும் விஞ்ஞானத்தில் சேர்த்திதான் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். யாராவது என்னை வெளியே போ என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன். இப்போது அழவும் நியாயமில்லை. நான் செய்தது தவறு மட்டுமா? அதைத் தவறு என்று சொன்னால் ஏதோ கணக்கில் பிசகிய மாதிரி இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு இரண்டு பேரும் வழக்கம்போலத் தொட்டியில் பாட்டில் கழுவினோம். கடைசியில், அவள் சூட்டுப் பெட்டியைத் திருப்பின விதத்தைக் கேட்டேவிட்டேன். உனக்கு முன்னாடியே தெரியுமா என்று.

"மொதல்லயே கண்டேன்" என்றாள், கையை நிறுத்தாமல். "டிக்கெட்டுக்குச் சில்லறை குடுக்க எந்திரிச்சப்போ அந்தப் பெட்டியில கை பட்டுது. சுட்டுது. அப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து ஊர்ப்புழுவச் சூடாக்கிப் பாத்தேன். வந்துது."

அப்படியானால் நான் அவள் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த அன்று? தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாளா? கோபம்கூட வந்தது எனக்கு, என் யோக்கியதைக்கு!

"பின்னே ஏண்டி சொல்லலை? அவாள்லாம் உன்னை ஊருக்கு அனுப்ப இருந்தாளே."

"சொல்லணும்னா, நீ எதுக்காக்கும் உனக்க பாட்டில அங்க கொண்டு வச்சேன்னு முதல்ல கேக்கணும் இல்லியா. அதக் கேக்கியதுக்கு ஊருக்கே போயிரலாம்னு இருந்துது." குழாயை மூடினாள். "எனக்க பாட்டிலுக்குக் கிட்ட வைக்கக்கூடாதுன்னு நீ வச்சேன்னுதான் நான் நெனச்சேன்."

ஐயோ, உன்னை நினைத்து இல்லை, உன் பாட்டிலை நினைத்து இல்லை, சத்தியமாக இல்லை, அந்த மீன் தண்ணீரைப் பார்த்துத்தான் என்று நான் படபடவென்று சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அது எனக்கு ஒரு சமாதானமாகத்தான் பட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"எனக்க அம்மையும் அந்தத் தண்ணியோடதான் பஸ்ஸில வருவா" என்றாள்.

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. கோபமாக இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. வேலையில் ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், சிரிப்பாள்கூட. நான்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திண்டாடினேன். வீட்டில் அம்மா என்னடி ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கிணற்றடியில் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நின்றபோது, இதைத்தானே பஸ் வரைக்கும் எடுத்துப் போனோம் என்று தோன்றிற்று. தோன்றியும் முழுக்கக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பழைய கணக்கையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி பொன்முடிக்குப் போய்வர வேண்டும் என்று ஸார் சொல்லிவிட்டார். போனோம். அதே கொய்யா மரம், அதே மத்தியான பஸ். இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். ஏறினதும் என் பையை அவள் பைக்குப் பக்கத்தில், அவள் பார்க்கும்படியாகவே, தரையில் வைத்தேன். இரண்டு பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. எஞ்சின் பெட்டி மேல் யாரோ ஒருவருடைய பலாப்பழம் இருந்தது. எனக்கு மனசு லேசான மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் ஏதாவது சொல்வாள், நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு வந்தேன்.

விதுரையில் மீன்காரப் பெண்கள் ஏறினார்கள். சருவங்களைக் காலடியில் அடுக்கினார்கள். முந்தின பயணங்களில் பழகி அவளுக்குத் தெரிந்த முகங்கள். என்ன மக்கா, இன்னும் புழுவா பிடிக்கிறே என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வளைவில் தண்ணீர் சிந்திற்று. பலகைமேல் கோடாக ஓடி வந்து, அவள் பையின் அடியை நனைத்து, என் பையின் அடியையும் நனைத்தது. நான் பையைத் தொடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாடா, ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அவள் கீழே பார்த்தாள். எதைப் பார்க்கிறாள் என்று நானும் குனிந்து பார்த்தேன். என் பை தரையில்தான் இருந்தது. என் கால்கள் இரண்டும் தரையில் இல்லை. எப்போது தூக்கிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சீட்டுக்கடியில் இருந்த கம்பியில் இரண்டு பாதங்களையும் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காலைக் கீழே வைத்தேன், அதுவும் வெகு நேரம் கழித்து, அடுத்த பெரிய ஊரான நெடுமங்காட்டுக்குச் சற்று முன்னால்தான்.